மொட்டைமாடியிலிருந்தே வான துருவமும் வான நடுக்கோடும்: பார்ப்பது எப்படி?

துருவ நட்சத்திரத்தைச் சுற்றி வட்டம் வட்டமாகக் கோடுகள் ஓடும் படத்தை இணையத்தில் பார்த்திருப்பீர்கள். அதில் துருவ நட்சத்திரம் பாதி வானத்தில் நிற்கும். அப்படிப்பட்ட படங்களில் பெரும்பாலானவை ஐரோப்பாவிலோ அமெரிக்காவிலோ எடுத்தவை. அந்த நினைப்பில் சென்னையில் அண்ணாந்து தேடினால் கழுத்து வலிதான் மிச்சம். நம் ஊரில் அது அடிவானத்துக்குப் பக்கத்தில், பக்கத்து வீட்டுத் தண்ணீர் டேங்க் மறைக்கிற உயரத்தில்தான் இருக்கும்.

செய்முறைக்கு முன் இரண்டு வரி விளக்கம். பூமி சுழலும் அச்சை வடக்கே நீட்டிக்கொண்டே போனால் அது வானத்தில் தொடுவதாகத் தோன்றும் புள்ளி வட வானதுருவம். தெற்கே நீட்டினால் தென் வானதுருவம். இரண்டுக்கும் சரிநடுவே வானத்தைச் சுற்றி ஓடும் கற்பனை வட்டம்தான் வான நடுக்கோடு. நம் நிலநடுக்கோட்டுக்கு நேர் மேலே ஓடுவதால் அந்தப் பெயர். இரவு முழுக்க நட்சத்திரங்கள் நகர்வது வானம் சுழல்வதால் அல்ல, நாம் சுழல்வதால். மணிக்கு 15 டிகிரி வீதம்.

படி 1: உங்கள் ஊரின் அட்சரேகை

போனில் உள்ள வரைபடச் செயலியில் உங்கள் இடத்தை அழுத்திப் பிடித்தால் இரண்டு எண்கள் வரும். முதல் எண் போதும். சென்னைக்கு 13, திருச்சிக்கு 10.8, மதுரைக்கு 9.9, யாழ்ப்பாணத்துக்கு 9.7, கன்னியாகுமரிக்கு 8.

இதில்தான் மொத்த விஷயமும் இருக்கிறது. அட்சரேகை எவ்வளவோ, வட வானதுருவம் அடிவானத்திலிருந்து அவ்வளவு டிகிரி உயரத்தில் நிற்கும். பூமியின் வட துருவத்தில் நிற்பவருக்கு அது உச்சந்தலைக்கு மேலே, 90 டிகிரியில். நிலநடுக்கோட்டில் நிற்பவருக்கு அடிவானத்தோடு ஒட்டி, பூஜ்யத்தில். இடையில் வடக்கே சுமார் 111 கிலோமீட்டர் போனால் ஒரு டிகிரி ஏறும். நமக்கு வானத்தின் அச்சு கிட்டத்தட்டப் படுத்தே கிடக்கிறது, ஓடுகிற மாட்டுவண்டியின் அச்சு மாதிரி.

படி 2: உயரம் அளக்க ஒரு கருவி

ஜியோமெட்ரி பாக்ஸில் இருக்கும் பாகைமானியை எடுங்கள். அதன் நேர் விளிம்பில் ஒரு ஸ்ட்ராவை டேப் போட்டு ஒட்டுங்கள். நடுப்புள்ளியில் நூலைக் கட்டி, நுனியில் ஒரு நட்டைத் தொங்கவிடுங்கள். வளைந்த பக்கம் கீழே இருக்கும்படி பிடித்து, ஸ்ட்ரா வழியாக நட்சத்திரத்தைப் பாருங்கள். நூல் ஆட்டம் நின்றதும் அதை விரலால் பாகைமானியோடு சேர்த்து அழுத்திக்கொண்டு எண்ணைப் படியுங்கள். இரண்டு வரிசை எண்கள் இருக்கும். 90-க்குக் குறைவானதை எடுத்து, 90-லிருந்து கழித்தால் உயரம் கிடைக்கும்.

இதெல்லாம் வேண்டாம் என்றால் கை போதும். கையை நீட்டி முஷ்டியை மடக்கினால் அதன் அகலம் ஏறக்குறைய 10 டிகிரி, சுண்டுவிரல் 1 டிகிரி.

படி 3: வட துருவம்

வடக்கே மறைப்பில்லாத இடம் வேண்டும். திசைக்குப் போன் திசைகாட்டி போதும், ஆனால் இரும்புக் கைப்பிடிச் சுவரை விட்டுத் தள்ளி நில்லுங்கள்.

நல்ல காலம் ஏப்ரல் கடைசி, இரவு 9 மணி வாக்கு. ஏழு நட்சத்திரங்கள் கரண்டி போல அமைந்த சப்தரிஷி மண்டலம் வடக்கே உயரமாக, கவிழ்ந்தபடி தெரியும். அதன் கிண்ணத்தின் ஓர விளிம்பில் உள்ள மெராக், துபே இரண்டையும் கோடாக இணைத்து, அதே திசையில் அந்த இடைவெளியைப் போல ஐந்து மடங்கு போங்கள். கோடு நேராகக் கீழே, அடிவானத்தை நோக்கி இறங்கும். அங்கே தனியாக நிற்பதுதான் துருவ நட்சத்திரம். சப்தரிஷி தெரியாத நவம்பரில் ‘எம்’ எழுத்துப் போலத் தெரியும் காசியோப்பியா என்ற நட்சத்திரக் கூட்டத்தைக் கொண்டு வடக்கை மட்டும் குறித்துக்கொள்ளலாம்.

துருவ நட்சத்திரம் பளிச்சென்று இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். இரவு வானின் மிகப் பிரகாசமான நட்சத்திரமான சிரியஸை விட இருபது மடங்குக்கு மேல் மங்கல். போதாக்குறைக்கு அடிவானத்துத் தூசியும் விளக்கு வெளிச்சமும். சென்னை நகருக்குள் சிரமம்தான், ஊரை விட்டுத் தள்ளிப் போனால் தெரியும். துருவப் புள்ளியிலேயே அது மிகச் சரியாக இல்லை என்பதும் உண்மை. முக்கால் டிகிரிக்குச் சற்றுக் குறைவாகத் தள்ளி, தானும் ஒரு சின்ன வட்டம் போடுகிறது.

கருவியால் அளந்தால் சென்னையில் நூல் 77-ஐ ஒட்டி நிற்கும். 90-லிருந்து கழித்தால் 13, அதாவது உங்கள் அட்சரேகை. அந்த 77-ஐ மறந்துவிடாதீர்கள்.

படி 4: வான நடுக்கோடு

இப்போது தெற்கே திரும்புங்கள். துருவத்துக்கும் நடுக்கோட்டுக்கும் எப்போதும் 90 டிகிரி இடைவெளி. ஆகவே சென்னையில் நடுக்கோடு தெற்கு அடிவானத்திலிருந்து சரியாக 77 டிகிரி உயரத்தில் போகும். நூல் காட்டிய அதே எண். உச்சந்தலையிலிருந்து தெற்கே ஒரு முஷ்டியும் கொஞ்சமும் சாய்ந்தால் கோடு அங்கே. இடக்கைப் பக்கம் நேர் கிழக்கிலும் வலக்கைப் பக்கம் நேர் மேற்கிலும் அது அடிவானத்தைத் தொடும். எந்த ஊரானாலும் இந்த இரண்டு புள்ளிகள் மாறாது, பூமியின் இரு துருவங்களைத் தவிர.

கற்பனைக் கோட்டுக்கு அடையாளம் வேண்டுமே? வேட்டைக்காரன் வடிவ நட்சத்திரக் கூட்டமான ஓரையனின் இடுப்பில் வரிசையாக மூன்று நட்சத்திரங்கள் உண்டு. திருவாதிரை நட்சத்திரமும் அதே ஓரையனில்தான், செம்மஞ்சளாக, இடுப்புக்கு வடக்கே. மூன்றில் வடமேற்கு ஓரத்தில் இருப்பது மின்டாகா. நடுக்கோட்டிலிருந்து அதன் விலகல் கால் டிகிரியைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். கண்ணுக்கு அது கோட்டின் மேலேயே ஓடுகிற மாதிரி.

டிசம்பர் நடுவில் பாருங்கள். இருட்டும் நேரத்தில் மூன்றும் ஒன்றன் மேல் ஒன்றாக, மின்டாகா முதலில், கிழக்கே எழும். நள்ளிரவில் உச்சியை ஒட்டி நிற்கும். விடியும்போது மேற்கே இறங்கும். நடுக்கோட்டில் உள்ள எதற்கும் பன்னிரண்டு மணி நேரம் மேலே, பன்னிரண்டு மணி நேரம் கீழே.

படி 5: தெற்கே, கண்ணுக்குத் தெரியாத துருவம்

வடதுருவம் 13 டிகிரி மேலே என்றால் தென்துருவம் 13 டிகிரி அடிவானத்துக்குக் கீழே. பார்க்கவே முடியாது, ஆனால் சுட்டிக்காட்டலாம். மே நடுவில் இரவு 9 மணிக்குத் தெற்கே தாழ்வாகத் தென்சிலுவை என்ற சிலுவை வடிவ நட்சத்திரக் கூட்டம் நிமிர்ந்து நிற்கும். நீளமான தண்டை அதே திசையில் நாலரை மடங்கு நீட்டினால் கை தரைக்குள் போகும். அங்கேதான். லண்டன்காரர்களால் தென்சிலுவையைப் பார்க்கவே முடியாது. வடவானமும் தென்வானத்தின் பெரும்பகுதியும் ஒரே இடத்திலிருந்து கிடைப்பது நம் அட்சரேகையின் லாபம். காவலூர் வான ஆய்வகத்துக்கும் அது பெரிய வசதி. அங்குள்ள 2.34 மீட்டர் தொலைநோக்கியின் அச்சும் துருவத்தை நோக்கி அந்த ஊரின் அட்சரேகையான பன்னிரண்டரை டிகிரிதான் சாய்ந்திருக்கிறது.

படி 6: பகலிலும் ஒருமுறை

மார்ச் 20, செப்டம்பர் 22 அல்லது 23 தேதிகளை ஒட்டிச் சூரியனே வான நடுக்கோட்டின் மேல் நிற்கும். சமதளத் தரையில் ஒரு குச்சியை நட்டு, காலை 9 முதல் மாலை 3 வரை நிழல் நுனியை அரைமணிக்கு ஒருமுறை சாக்பீஸால் குறியுங்கள். புள்ளிகள் ஒரே நேர்க்கோட்டில், கிழக்கு மேற்காக விழும். ஜூனிலோ டிசம்பரிலோ செய்தால் வளைந்துவிடும்.

சிங்கப்பூரில் இருப்பவர்கள் படி 3-ஐ விட்டுவிடலாம். அங்கே துருவம் 1.3 டிகிரி உயரத்தில்தான், கட்டடமும் புகைமூட்டமும் விழுங்கிவிடும். மின்டாகாவை மட்டும் பாருங்கள். கிட்டத்தட்ட நேர் உச்சி வழியாகவே கடக்கும்.