சென்ட்ரோமியரிலிருந்து 33: அந்த எண்ணை நம்ப வேண்டாம்

நியூரோஸ்போரா என்ற பூஞ்சையின் ஆஸ்கஸ்களை (எட்டு வித்துகள் வரிசையாக இருக்கும் பைகள்) பிரித்து, மரபணுவுக்கும் சென்ட்ரோமியருக்கும் (பிரிவின்போது குரோமோசோம் பிடித்திழுக்கப்படும் இடம்) உள்ள தூரத்தைக் கணக்கிடும் புதியவர்கள் ஆண்டுதோறும் அதே தவறுகளைத்தான் செய்கிறார்கள். வித்துகள் 4:4 வரிசையில் இருந்தால் மரபணுவின் இரு வடிவங்களும் (அல்லீல்கள்) குன்றல் பகுப்பின் முதல் பிரிவில் பிரிந்தன, 2:2:2:2 அல்லது 2:4:2 என்றால் இடையே குறுக்கேற்றம் நடந்து இரண்டாம் பிரிவில் பிரிந்தன என்பது எல்லோருக்கும் தெரியும். அதை விட்டுவிடுகிறேன்.

இரண்டால் வகுக்க மறப்பது

குறுக்கேற்றம் (குரோமோசோம் துண்டுகள் இடம் மாறுவது) நடந்த ஆஸ்கஸிலும் நான்கு குரோமாட்டிட்களில் (இரட்டித்த குரோமோசோமின் இழைகள்) இரண்டுதான் மாறியவை. இரண்டாம் பிரிவு ஆஸ்கஸ்களின் விழுக்காட்டை இரண்டால் வகுத்துவிடுங்கள்; அதுதான் தூரம்.

33-ஐத் தூரமாக எடுத்துக்கொள்வது

எனக்கு இன்றும் எரிச்சலூட்டுவது இதுதான். கணக்கில் பிழையே இருக்காது, முடிவு மட்டும் பொய்யாக இருக்கும். ஒரு மாணவருக்கு இரண்டாம் பிரிவு ஆஸ்கஸ்கள் 66 விழுக்காடு வந்தன. பாதியாக்கி, 33 சென்டிமார்கன் (மரபணுத் தூரத்தின் அலகு) என்று வரைபடத்தில் புள்ளி வைத்தார். அந்தப் புள்ளியை ஒட்டிய மரபணுக்களோடு ஒவ்வொன்றாகக் கலப்பு செய்தார். எதனோடும் பிணைப்பு இல்லை. ஒரு பருவமே அதில் போயிற்று. அவர் தேடிய மரபணு குரோமோசோமின் கடைக்கோடியில் இருந்தது.

மரபணு வெகு தொலைவில் இருந்தால் இடையே பல குறுக்கேற்றங்கள் நடக்கும். எந்த அல்லீல் எந்தச் சென்ட்ரோமியரோடு போகும் என்பது முழுக்கத் தற்செயலாகிவிடும். ஒரு குரோமாட்டிடில் 'அ' அல்லீல் இருக்கிறது என்று வையுங்கள். அதே சென்ட்ரோமியரோடு போகும் அதன் ஜோடிக்கு வர மீதமிருப்பவை மூன்று: ஒன்று 'அ', இரண்டு 'ஆ'. ஆகவே ஜோடி வேறுபட, அதாவது இரண்டாம் பிரிவாக வர, வாய்ப்பு 2/3. பாதியாக்கினால் 33.3. உண்மைத் தூரம் 80 ஆனாலும் 150 ஆனாலும் ஏறக்குறைய இதே எண்தான் வரும்.

அந்த எல்லையை எட்டும் முன்பே எண் உண்மைத் தூரத்தைவிடக் குறைவாக வரத் தொடங்கிவிடும். இரட்டைக் குறுக்கேற்றங்களில், குரோமாட்டிட்கள் தற்செயலாகப் பங்கேற்றால், பாதி மீண்டும் 4:4 ஆகிவிடும். இரண்டாம் பிரிவு விகிதம் 30 விழுக்காட்டைத் தாண்டினாலே நான் இடையில் ஒரு மரபணுவைத் தேடுவேன். தூரத்தைத் துண்டு துண்டாக அளந்து கூட்டுவேன்.

2/3-க்கு மேல் வந்தால் எண்ணியது தப்பு என்று தூக்கிப் போடவும் வேண்டாம். பொடோஸ்போரா அன்செரினா என்ற பூஞ்சையில் இனச்சேர்க்கை வகை மரபணு 95 விழுக்காட்டுக்கும் மேல் இரண்டாம் பிரிவில்தான் பிரிகிறது. அங்கே ஒரு குறுக்கேற்றம் நடந்தால் அது அடுத்ததைத் தடுத்துவிடுகிறது. அதனால் ஏறக்குறைய எப்போதும் ஒன்றே ஒன்றுதான்.

ஈஸ்ட்டில் வரிசை தேடுவது

சாக்கரோமைசிஸ் ஈஸ்ட்டின் டெட்ராடில் (நான்கு வித்துகளின் தொகுதி) வரிசை கிடையாது. நான்காம் குரோமோசோமின் சென்ட்ரோமியரை ஒட்டியுள்ள டிஆர்பி1 மரபணுவைத் துணைக்கு வைத்து டெட்ராடைப் (நான்கு வித்துகளும் நான்கு வகையாக இருக்கும் டெட்ராட்) விகிதத்தை எண்ணுங்கள். உங்கள் மரபணுவின் இரண்டாம் பிரிவு விகிதத்துக்கு அது ஈடாகும். மேலே சொன்ன 2/3 எச்சரிக்கை இங்கேயும் உண்டு.

வெளிறிய வித்து

முதிராத வித்தும் வெளிறித்தான் இருக்கும்; அதை வேறு அல்லீல் என்று நினைத்துவிடலாம். முதிராத ஆஸ்கஸை எண்ணாதீர்கள்.

6:2

ஒரு ஆஸ்கஸில் வித்துகள் 6:2 என்று வந்து, மீண்டும் சோதித்தும் மாறவில்லை என்றால் அது ஜீன் கன்வர்ஷன் (ஒரு அல்லீல் மற்றதன் மேல் நகலாவது). தூரக் கணக்கில் சேர்க்காமல், வீசியும் விடாமல், தனிப் பக்கத்தில் எழுதி வையுங்கள்.