மலையகத்தில் பேச்சு சிகிச்சை: புதிதாக வருவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பேச்சு சிகிச்சையைத் தொழிலாக எடுக்க நினைக்கும் இளையோர் மலையகத்திலும் இருக்கிறார்கள் என்பது மனதை நிறைக்கிறது. ஹட்டனிலோ பதுளையிலோ தமிழில் பேசும் சிகிச்சையாளர் ஒருவர் கிடைத்தால் ஒரு தாய்க்கு அது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பது கிளினிக் வாசலில் காத்திருந்தவர்களுக்குத் தெரியும். களனிப் பல்கலைக்கழகத்தின் ராகம மருத்துவ பீடத்தில் இதற்கென நான்கு ஆண்டுப் பட்டப்படிப்பு இருக்கிறது, கற்பிப்பது ஆங்கிலத்தில். தொழில் செய்ய இலங்கை மருத்துவ சபையில் பதிவு வேண்டும். சில மாதப் பயிற்சிச் சான்றிதழோடு சிகிச்சை நிலையம் திறக்கலாம் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். உயர்தரத்தில் எந்தப் பாடங்கள் தேவை என்பதையும் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் அந்தந்த ஆண்டுக் கைநூலில் நீங்களே பாருங்கள். செவிவழிச் செய்தியை நம்பிப் பாடம் தெரிவு செய்தால் வாய்ப்பு கைநழுவிவிடும்.

வேலைக்கு வந்த பிறகு நடக்கும் தவறுகளைப் பற்றித்தான் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். அவற்றில் பெரும்பாலானவை ஒரே எண்ணத்திலிருந்து பிறக்கின்றன: பிள்ளையைப் பேச வைப்பதே நம் வேலை என்ற எண்ணம். பெருமூளை வாதம், வலிப்பு, காது கேளாமை, ஓட்டிசம் ஆகியவற்றில் இரண்டு மூன்று சேர்ந்திருக்கும் பிள்ளைகளில் சிலர் ஒருபோதும் சரளமாகப் பேசப் போவதில்லை. அவர்களுக்கும் பசி, வலி, கோபம், ஆசை எல்லாம் உண்டு. அவற்றைத் தெரிவிக்க வழி செய்வதும், பாதுகாப்பாக விழுங்க உதவுவதும் நம் வேலைதான்.

வாயைப் பார்த்துவிட்டுத் தொண்டையை மறப்பது மிக ஆபத்தான தவறு. பல வீடுகளில் பாட்டி பிள்ளையை மடியில் மல்லாத்தி, தலையைப் பின்னால் சாய்த்துக் கஞ்சி ஊற்றுவார். பிள்ளை விழுங்குவது போலத்தான் தெரியும். தலை பின்னால் சாய்ந்திருக்கும்போது மூச்சுக்குழாயைக் காப்பது கடினம். ஊற்றியதில் கொஞ்சம் நுரையீரலுக்குள் போகலாம். இருமினால் நமக்குத் தெரியும். இருமாமலே உள்ளே போகும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். பிறகு ஓயாத சளி, காய்ச்சல், நிமோனியா. நுவரெலியாப் பக்கத்தில் இதற்கெல்லாம் பனியையும் குளிரையும் குற்றம் சொல்வது வழக்கம். நீங்கள் அப்படி விட்டுவிடாதீர்கள். யார் ஊட்டுகிறார், எதை ஊட்டுகிறார், எப்படி உட்காரவைக்கிறார் என்று கேளுங்கள். உங்கள் முன்னாலேயே ஊட்டச் சொல்லிப் பாருங்கள். தேநீரில் நனைத்த ரொட்டி மென்மையாக இருக்கும் என்று அன்போடு கொடுப்பார்கள். ஒரே வாயில் நீரும் திடமும் சேர்ந்து வருவது விழுங்கச் சிரமப்படும் பிள்ளைக்கு மிகக் கடினம். ரசம் ஊற்றிய சோறும் அப்படித்தான்.

"தண்ணீரைக் கொஞ்சம் தடிப்பாக்கிக் கொடுங்கள்" என்று பொதுவாகச் சொல்லி அனுப்புவதும் தவறு. பிள்ளையை முழுமையாகப் பரிசோதித்த பிறகே தடிப்பைத் தீர்மானிக்க வேண்டும். அதற்குப் பானங்களையும் உணவுகளையும் சேர்த்து 0 முதல் 7 வரையான சர்வதேசப் படிநிலைகள் (IDDSI) உள்ளன. 10 மி.லீ. சிரிஞ்சில் திரவத்தை நிரப்பி 10 விநாடி ஒழுகவிடுங்கள். 1 முதல் 4 மி.லீ. மிஞ்சினால் 1 ஆம் படி, 4 முதல் 8 மி.லீ. மிஞ்சினால் 2 ஆம் படி. சிரிஞ்சில் 10 மி.லீ. வரையான அளவுக்கோடு 61.5 மி.மீ. நீளம் இருக்க வேண்டும் என்பதை மறக்க வேண்டாம். தோட்டத் தொழிலாளர் வாழும் லயன் அறையிலும் செய்யக்கூடிய சோதனை இது. ஆனால் உள்ளே போகிறதா இல்லையா என்பதை வெளியிலிருந்து பார்த்து யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. சந்தேகம் இருந்தால் எக்ஸ்ரே வீடியோவில் விழுங்குவதைப் பார்க்கும் வசதியுள்ள மருத்துவமனைக்கு அனுப்புங்கள்.

அடுத்தது, உச்சரிப்பில் மாட்டிக்கொள்வது. ழகரத்துக்கும் ளகரத்துக்கும் மாதக்கணக்கில் பயிற்சி நடக்கும். அந்தப் பிள்ளைக்கு "வேண்டாம்" என்று சொல்ல ஒரு வழியும் இருக்காது. கேட்டு வாங்கக் கற்றுக்கொடுக்கும் நாம் மறுக்கக் கற்றுக்கொடுப்பதில்லை. மறுக்க வழியில்லாத பிள்ளை கடிக்கும், கத்தும், தலையை முட்டிக்கொள்ளும். ஊர் அதற்கு அடம் என்று பெயர் வைத்துவிடும். கையைத் தள்ளுவதோ, முகத்தைத் திருப்புவதோ, ஒரு படத்தைத் தொடுவதோ, எதுவாக இருந்தாலும் அதை "வேண்டாம்" என்று வீட்டில் அனைவரும் ஏற்றுக்கொள்ளட்டும்; ஏற்ற உடனே நிறுத்தட்டும்.

படம் காட்டிப் பழக்கினால் பேச்சு வராமல் போய்விடும் என்று பெற்றோர் அஞ்சுவார்கள். சில சிகிச்சையாளர்களும் அதையே சொல்வது எனக்கு வருத்தமாக இருக்கிறது. மில்லர், லைட், ஷ்லோசர் ஆகியோர் 2006 இல் வெளியிட்ட ஆய்வு மீளாய்வில், நம்பத்தக்க சான்றுள்ளோர் எவருக்கும் இதனால் பேச்சு குறையவில்லை, பெரும்பாலோருக்குக் கூடியது. படங்களை மட்டும் இணையத்திலிருந்து அப்படியே எடுக்க வேண்டாம். பிள்ளையின் சொந்தக் கோப்பையையும் அதன் பாட்டியையும் படமெடுத்து ஒட்டுங்கள்.

செவிப்புலன் பரிசோதனை முடியாமல் எந்தத் திட்டத்தையும் தொடங்காதீர்கள். உடல் தள்ளாடினால் கையும் குரலும் வேலை செய்யாது. ஆகவே இயன்மருத்துவரோடு (பிசியோதெரபிஸ்ட்) பேசி, கம்பளியை உருட்டி இருபுறமும் அணைகொடுத்தாவது பிள்ளையை நிமிர்த்தி உட்காரவையுங்கள்.

கிளினிக்குக்கு வராத தாயை அக்கறையற்றவர் என்று எழுதிவிடுவது அநியாயம். ஒரு நாள் வந்தால் அவருக்கு ஒரு பேர், அதாவது ஒரு நாள் சம்பளம், போகிறது. பஸ் வராத தோட்டமென்றால் முச்சக்கரவண்டிக் கூலி வேறு. மருத்துவமனையின் மற்ற கிளினிக் நாளிலேயே உங்கள் நேரத்தையும் கொடுங்கள். காலையில் மலைக்கு ஏறி மாலையில் திரும்புபவரிடம் தினமும் அரைமணி நேரப் பயிற்சி கொடுங்கள் என்பது நடக்காது. குளிப்பாட்டும்போது ஒன்று, சோறு ஊட்டும்போது ஒன்று என இரண்டே காரியங்களைச் சொல்லுங்கள். பகலில் பிள்ளை இருப்பது பிள்ளை மடுவத்திலோ (தோட்டத்துக் குழந்தை காப்பகம்) பாட்டியிடமோ என்றால், பயிற்சி அவர்களுக்கே போய்ச் சேர வேண்டும்.

பாட்டி நாக்கில் வசம்பு தடவுவார், தேன் வைப்பார். திட்டினால் மறைத்துச் செய்வார். இந்தப் பிள்ளைக்கு அது மூச்சுக்குழாய்க்குள் போகலாம் என்றும், ஒரு வயதுக்குள் தேன் எந்தக் குழந்தைக்கும் ஆகாது என்றும் பொறுமையாக விளக்குங்கள்.

பாடசாலையிலும் கிளினிக்கிலும் சிங்களம் இருப்பதால் வீட்டில் தமிழை நிறுத்துங்கள் என்று அறிவுரை சொல்வதும் கேட்டிருக்கிறேன். டவுன் சிண்ட்ரோமோ ஓட்டிசமோ உள்ள பிள்ளைகளுக்கு இரண்டு மொழிகள் கேடு செய்வதாக ஆய்வுகள் காட்டவில்லை. தாய்க்கு நன்றாக வரும் மொழியில்தான் பிள்ளைக்கு அதிகம் கிடைக்கும். உங்களுக்குச் சிங்களம் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும். சக ஊழியர்களிடம் இந்தப் பிள்ளைகளுக்காக வாதாட அது வேண்டும்.

அரசாங்க வேலையில் இடமாற்றம் வரும். போகும்போது கோப்பில் ஆங்கிலக் குறிப்புகளை மட்டும் விட்டுச் செல்லாதீர்கள். பிள்ளை எப்படி ஆம் என்கிறது, எப்படி வேண்டாம் என்கிறது, எப்படி உட்கார்ந்தால் விழுங்குகிறது, எந்தத் தடிப்பில் குடிக்கிறது என்பதை ஒரு பக்கத்தில் தமிழில் எழுதி, ஒரு பிரதியை வீட்டுக்கும் இன்னொன்றைப் பிள்ளை மடுவத்துக்கும் கொடுங்கள்.