புயல் நாட்களுக்கு ஆட்டிசம் உள்ள பிள்ளையைத் தயார்படுத்துவது

கடலூர், புதுச்சேரிப் பக்கம் ஐப்பசி பிறந்தாலே வானிலைச் செய்தியில் ஒரு காது இருக்கும். 2011 டிசம்பர் 30 விடியற்காலையில் தானே புயல் இந்த இரண்டு ஊருக்கும் நடுவில் கரையைக் கடந்தது. கரண்ட் திரும்ப வாரக்கணக்கில் காத்திருந்த கிராமங்கள் உண்டு. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல், புதுச்சேரிக்குப் பக்கத்தில். புயல் சில நாள் முன்பே சொல்லிக்கொண்டு வருகிறது. ஆனால் அதோடு ஃபேன் நிற்பது, ஸ்கூல் இல்லாமல் போவது, பால் மாறுவது, படுக்கும் இடம் மாறுவது எல்லாம் ஒரே நாளில் பிள்ளையின் தலையில் விழுகிறது. அதுதான் தாங்க முடியாதது. இவற்றைத் தனித்தனியாகப் பிரித்து, ஆவணியில் ஆரம்பித்துப் புரட்டாசி முடிவதற்குள் பழக்கிவிட வேண்டும்.

முதலில் இருட்டு. மாலை ஏழு மணிக்கு, பிள்ளை நல்ல மனநிலையில் இருக்கும்போது, லைட் ஸ்விட்சைப் பிள்ளையையே அணைக்கச் சொல்லுங்கள். கையில் அதற்கென்று ஒரு டார்ச். முதல் நாள் ஒரு நிமிடம் போதும். இரண்டு நாள் கழித்து மூன்று நிமிடம், பிறகு ஐந்து, பத்து. அழ ஆரம்பித்தால் அடுத்த நாள் நேரத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள், விட்டுவிடாதீர்கள். மெழுகுவத்தி வேண்டாம். தீயின் அசைவும் உருகும் மெழுகும் சில பிள்ளைகளைக் கையை நீட்ட வைக்கும்.

பல வீடுகளில் இருட்டைவிடப் பெரிய சிக்கல் ஃபேன். அதன் காற்றும் சத்தமும் இருந்தால்தான் தூக்கம் வரும் என்று பழகிய பிள்ளை, கரண்ட் போன அடுத்த நிமிடமே எழுந்து உட்காரும். ரீசார்ஜ் ஃபேன் வாங்கினால் பெட்டியிலேயே வைத்திருக்காதீர்கள். இரண்டு வாரம் தினமும் இரவு சீலிங் ஃபேனோடு சேர்த்து ஓடவிட்டு, அந்தச் சத்தத்தையும் படுக்கையின் பகுதியாக்குங்கள். உங்கள் வீட்டு ஃபேன் சத்தத்தையே போனில் அரை மணி நேரம் பதிவு செய்து வைப்பதும் கைகொடுக்கும்.

போனை நம்பியிருக்கும் பிள்ளை என்றால், பிடித்த வீடியோக்களை மெமரி கார்டில் ஏற்றி, ஏரோபிளேன் மோடில் போட்டு ஓடுகிறதா என்று பார்த்துவிடுங்கள். டவர் போன பிறகு பார்ப்பதில் பயனில்லை. 10,000 எம்.ஏ.ஹெச். பவர் பேங்க் இரண்டு முழு சார்ஜ் தரும் என்று கணக்குப் போடாதீர்கள்; வழியில் இழப்புப் போக, 5,000 எம்.ஏ.ஹெச். பேட்டரி உள்ள போனுக்கு ஒன்றேகால் முறை கிடைத்தால் அதிகம். டேப்லெட் ஆப் வழியாகப் பேசும் பிள்ளைக்கு, தண்ணீர், பசி, வலி, பாத்ரூம், போதும், சத்தம் ஆகிய படங்களையாவது அச்சிட்டு லேமினேட் செய்து ஒரு வளையத்தில் கோத்து வையுங்கள். டேப்லெட் அணைந்தால் பிள்ளையின் வாயே அடைத்துப்போகிறது.

சாப்பாட்டுக்கும் இதே கவனம். ஆவின் பாக்கெட்டோ பான்லே பாக்கெட்டோ வராத காலையில் பால் பவுடரைக் கலக்கிக் கொடுத்தால் வாசனையிலேயே கண்டுபிடித்துத் தள்ளிவிடும். முன்கூட்டியே, ஒரு டம்ளர் பாலில் ஒரு ஸ்பூன் பவுடர்ப் பால் என்று தொடங்கி, மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை அளவைக் கூட்டிக்கொண்டே போங்கள். தயிர் சாதம் மட்டுமே சாப்பிடும் பிள்ளைக்கு ஃபிரிட்ஜ் நின்றால் தயிர் புளித்துவிடும். பிள்ளை ஏற்கும், கெடாத இரண்டு பொருளையாவது (அவல், பொரி, ரஸ்க், வழக்கமான அதே கம்பெனி பிஸ்கட்) ஐந்து நாளுக்கு வாங்கி வையுங்கள். பாக்கெட்டின் நிறம் மாறினால்கூடச் சில பிள்ளைகள் தொடாது. மாத்திரை 15 நாளுக்குக் கையிருப்பில் இருக்கட்டும். வலிப்பு மாத்திரை திடீரென்று நின்றால் வலிப்பு வரும் அபாயம் உண்டு.

லீவு அறிவிப்பு சில சமயம் விடிந்த பிறகுதான் வரும். யூனிஃபார்ம் மாட்டி, பை தோளில் ஏறிய பிறகு “ஸ்கூல் இல்ல” என்பதுதான் பல வீடுகளில் அன்றைய முதல் பெரிய அழுகைக்குக் காரணம். எச்சரிக்கை வந்த நாளிலிருந்து தினப் பட்டியலில் (அன்றைய வேலைகளைப் படங்களாக ஒட்டிவைக்கும் அட்டை) ஸ்கூல் படம், வீடு படம் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி, நடுவில் ஒரு கேள்விக்குறி போடுங்கள். முடிவு தெரிந்ததும் ஒன்றைப் பிள்ளையே எடுத்துவிடட்டும். கரண்டுக்கும் அப்படித்தான். “இதோ வந்துடும்” என்று சொல்லாதீர்கள். அதை அப்படியே நம்பி, வராதபோது நூறு முறை கேட்கும். “எப்போன்னு தெரியாது. வந்ததும் லைட் எரியும்” என்று ஒரே வாக்கியத்தை, வீட்டில் எல்லோரும், ஒவ்வொரு முறையும் மாற்றாமல் சொல்லுங்கள். பாட்டியிடமும் சொல்லிவையுங்கள்.

காற்று அடிக்கும் இரவில் ஜன்னல் குறைந்த உள் அறைதான் நல்லது. தகரக் கூரை இருந்தால் சத்தம் இரண்டு மடங்கு. மெஷின் வேலை செய்பவர்கள் போடும் காதுமூடி ஹார்டுவேர் கடையில் கிடைக்கும், அதையும் பிடித்த வீடியோ பார்க்கும்போது இரண்டு நிமிடம் போட்டுப் பழக்க வேண்டும். புயலின் கண் கடக்கும்போது காற்று சட்டென்று நிற்கும், பிறகு எதிர்ப் பக்கத்திலிருந்து அடிக்கும். அந்த அமைதியில் கதவைத் திறக்காதீர்கள்.

தண்ணீர்தான் எல்லாவற்றிலும் பெரிய ஆபத்து, இதை அழுத்தியே சொல்கிறோம். ஆட்டிசம் உள்ள பல பிள்ளைகளைத் தண்ணீர் இழுக்கும். ஆழம், ஓட்டம் என்ற பயம் இருக்காது. ஃபெஞ்சலின்போது மழை விட்ட பிறகுதான் சாத்தனூர் அணைத் தண்ணீர் தென்பெண்ணையில் வந்து கடலூர்ப் பக்கம் ஊருக்குள் புகுந்தது. ஆகவே வெயில் அடித்தாலும் காவலைத் தளர்த்தாதீர்கள். கதவில் பிள்ளைக்கு எட்டாத உயரத்தில் ஒரு தாழ்ப்பாள், திறந்தால் கேட்கும்படி ஒரு மணி. அழியாத மார்க்கரால் முன்கையில் உங்கள் போன் நம்பர், சட்டையின் உட்புறத்திலும் அதே நம்பர். பெரியவர்கள் இரண்டு மணி நேரத்துக்கு ஒருவர் என்று முறை வைத்துக்கொள்ளுங்கள், “எல்லோரும் பார்த்துக்கொள்கிறோம்” என்றால் யாரும் பார்ப்பதில்லை. காணவில்லை என்றால் முதலில் தண்ணீர் இருக்கும் பக்கம் ஓடுங்கள், கூடவே ஒருவர் 112-ஐ அழைக்கட்டும்.

முகாமுக்குப் போக வேண்டிய தாழ்வான பகுதி என்றால், அறிவிப்பு வந்ததும் முதல் ஆளாகப் போங்கள். கூட்டம் சேர்வதற்குள் சுவரோரம் ஒரு மூலையைப் பிடிக்கலாம். பாத்ரூமுக்கும் சாப்பாட்டு வரிசைக்கும் தள்ளி இருக்கட்டும். பழைய புடவை ஒன்றைப் பெஞ்சின் மேல் கட்டினால் பிள்ளைக்கு ஒரு தடுப்பு. பிள்ளையின் துவைக்காத சொந்தப் போர்வை, வீட்டில் பழகிய மக் (குவளை) இரண்டும் முகாம் பையில் இருக்கட்டும், யு.டி.ஐ.டி. அட்டை (மாற்றுத்திறனாளி அடையாள அட்டை) நகல் பிளாஸ்டிக் உறையில். வீட்டில் வெஸ்டர்ன் டாய்லெட் மட்டும் என்றால், முகாமில் அது இருக்காது என்று எண்ணி, இந்தியன் டாய்லெட்டை உறவினர் வீட்டில் பழக்கிவிடுங்கள். பக்கத்தில் படுப்பவர்களிடம் நேராகச் சொல்லுங்கள்: “இவனுக்கு ஆட்டிசம் இருக்குங்க. கூப்பிட்டாத் திரும்ப மாட்டான். கத்தினா யாரும் தொடாம கொஞ்சம் இடம் விட்டுடுங்க, அடங்கிடுவான்.” பெரும்பாலானவர்கள் கேட்பார்கள்.

ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வருவது, காதைப் பொத்துவது, சுற்றிச் சுற்றி நடப்பது இவையெல்லாம், பிள்ளை தாங்க முடியாமல் கத்தி அழுது வெடிக்கப்போவதன் முன்னறிகுறி. அப்போதே பேச்சைக் குறைத்து, டார்ச்சைச் சுவர் பக்கம் திருப்பி, மற்ற பிள்ளைகளை நகர்த்துங்கள். வெடித்த பிறகு சமாதானம், மிரட்டல், லஞ்சம் எதுவும் உள்ளே போகாது. தலை மோதும் இடத்தில் தலையணை வைத்து, ஒருவர் மட்டும் அருகில் இருந்தால் போதும். இறுக்கி அணைப்பது, அதை விரும்பும் பிள்ளைக்கு மட்டும்.

புயல் போனபின் ஸ்கூல் வழியில் அடையாளமாயிருந்த மரம் விழுந்திருக்கும், தெருவெல்லாம் பிளீச்சிங் பவுடர் நாறும். ஸ்கூல் திறப்பதற்கு முந்தின நாளே ஒருமுறை நடத்திக் கூட்டிப்போய்க் காட்டுங்கள். வீட்டைச் சுத்தம் செய்யும்போது பிள்ளையின் மூலையை முதலில் பழையபடி அமைத்துவிட்டு மற்றதைப் பாருங்கள். முகாம் பையை அவிழ்த்துப்போடாமல், தீர்ந்ததை நிரப்பி, பிள்ளை வளர்ந்திருந்தால் துணியின் அளவையும் மாத்திரையின் காலாவதித் தேதியையும் ஆடி மாதம் ஒருமுறை பாருங்கள்.