பளபளத்துப்போன கார் பிரேக் டிஸ்க்கை வீட்டிலேயே தேய்த்துச் சரிசெய்வது

செட்டிநாட்டுச் சாலைகள் சமதளம். காரைக்குடியிலிருந்து தேவகோட்டைக்குப் போய்வர பிரேக்கை அழுத்தி மிதிக்க வேண்டிய இடம் அதிகமில்லை. மெல்ல மெல்ல மிதித்தே ஓடும் வண்டியிலும், பழைய பேட் (டிஸ்க்கை உரசி நிறுத்தும் கட்டை) சூடேறிய வண்டியிலும், சக்கரத்தோடு சுற்றும் டிஸ்க்கின் மேல் பேட் பூச்சு படிந்து கண்ணாடிபோல் மின்னும். அப்போது பெடல் கெட்டியாக இருந்தும் வண்டி நிற்கத் தாமதிக்கும், கீச்சென்று கத்தும். உப்புத்தாளால் தேய்த்தால் போவது இந்தப் பூச்சு மட்டும்தான். மிதிக்கும்போது பெடலோ ஸ்டீயரிங்கோ அதிர்ந்தால் அது வேறு கோளாறு. கையால் தேய்த்துத் தீராது.

வேண்டியவை: 80 அல்லது 120 நம்பர் உப்புத்தாள், அதைச் சுற்ற உள்ளங்கை அளவு மரக்கட்டை, பிரேக் கிளீனர் ஸ்ப்ரே, சுத்தமான துணி, தடிமன் அளக்க மைக்ரோமீட்டர், கேலிப்பர் (பேட்டை டிஸ்க்கில் அழுத்தும் கவ்வி) பின்னுக்கான சிலிகான் கிரீஸ், என்95 முகக்கவசம்.

ஆத்தங்குடிக் கல் பாவிய தரையில் ஜாக்கி வைக்காதீர்கள், கல் விரிசல் விடும். செம்மண் வாசலில் வண்டியைத் தாங்கும் ஸ்டாண்டு புதையும். தடித்த பலகை போட்டு அதன்மேல் வையுங்கள். பின்சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வேலை பார்க்கவே கூடாது.

சக்கரத்தைக் கழற்றி, கேலிப்பர் போல்ட்டுகளை எடுத்து, கேலிப்பரைக் கம்பியால் ஸ்பிரிங்கில் கட்டித் தொங்கவிடுங்கள். பிரேக் ஆயில் போகும் ஹோஸில் தொங்கினால் ரப்பர் உள்ளே கிழியும், வெளியே தெரியாது. கேலிப்பர் திறந்திருக்கும்போது யாரும் பெடலை மிதிக்கக் கூடாது.

தேய்க்கும் முன் அளந்துவிடுங்கள். டிஸ்க்கின் ஓரத்திலோ நடுக்கிண்ணத்திலோ குறைந்தபட்சத் தடிமன் பொறித்திருக்கும். வெளி விளிம்பிலிருந்து 10 மி.மீ. உள்ளே, சுற்றிலும் ஆறு இடத்திலாவது அளக்க வேண்டும். வெர்னியர் இங்கே ஏமாற்றும்: தேயாத விளிம்பில் அதன் தாடை உட்கார்ந்து அளவைக் கூட்டிக் காட்டும். பொறித்த அளவை எட்டியிருந்தாலோ, விரிசலோ நீலத் திட்டோ தெரிந்தாலோ புது டிஸ்க்தான். நகம் சிக்கும் அளவு பள்ளமிருந்தால் லேத் பட்டறைக்குக் கொண்டுபோங்கள். கடைந்த பிறகும் தடிமன் மிஞ்சுமா என்று முதலில் பாருங்கள்.

அளவு சரியென்றால் இரண்டு நட்டுப் போட்டு டிஸ்க்கை ஹப்போடு (சக்கரம் மாட்டும் நடுப்பகுதி) இறுக்கி, சிறுசிறு வட்டமாக, ஒன்றன்மேல் ஒன்று விழும்படி தேய்த்துக்கொண்டே சுற்றி வாருங்கள். சுற்றுவாக்கில் ஒரே கோடாக இழுத்தால் பழைய தடத்தையே ஆழப்படுத்துவீர்கள். ஓரிடத்தில் நின்று அழுத்தவும் வேண்டாம். மினுக்கம் போய், எங்கும் ஒரே மங்கிய சாம்பல் நிறம் வந்ததும் நிறுத்துங்கள். உட்புறம் கை எளிதில் எட்டாது, ஆனாலும் அதையும் தேய்க்க வேண்டும். பலரும் அதை விட்டுவிடுவதால்தான் சத்தம் திரும்ப வருகிறது.

பேட் மின்னினால் அதையும் தேய்த்தாக வேண்டும், இல்லாவிட்டால் செய்த வேலை வீண். கண்ணாடித் துண்டின் மேல் உப்புத்தாளை விரித்து, பேட்டை எட்டுப்போல் இழுங்கள். உரசும் பகுதி 3 மி.மீ.க்குக் குறைந்திருந்தால் புதிது வாங்குவதே மேல். தூசியை வாயாலோ காற்றடித்தோ ஊதாமல் ஈரத்துணியால் துடையுங்கள். பழைய பேட்டில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம்; அதற்கு என்95 போதாது, அத்தகைய பேட்டைத் தேய்க்காதீர்கள்.

டிஸ்க்கைச் சோப்புத் தண்ணீரில் கழுவி, காய்ந்ததும் கிளீனர் அடித்துத் துடையுங்கள். அதன்பின் விரல் படக் கூடாது. பின்னுக்குச் சிலிகான் கிரீஸ் கொஞ்சம் போதும். சாதா கிரீஸ் ரப்பரை ஊதவைக்கும். போல்ட், நட்டு எல்லாம் மேனுவல் சொல்லும் டார்க்கில் (முறுக்கு அளவில்) இறுக்குங்கள். வண்டியை நகர்த்தும் முன் பெடல் கெட்டியாகும்வரை மிதித்துவிடுங்கள்; மறந்தால் முதல் மிதி தரையைத் தொடும்.

கடைசியாகப் பதப்படுத்துதல், அதாவது டிஸ்க்கும் பேட்டும் ஒன்றோடொன்று படியப் பழக்குதல். வண்டி நடமாட்டமில்லாத நேராக ஓடும் சாலையில் 50 கி.மீ. வேகத்திலிருந்து 10 வரை நிதானமாகக் குறையுங்கள், முழுதாக நிறுத்த வேண்டாம். எட்டுப் பத்து முறை இப்படிச் செய்தபின், பிரேக் தொடாமல் சில கிலோமீட்டர் ஓட்டி ஆறவிடுங்கள். சூட்டோடு பெடலை மிதித்தபடி நின்றால் பேட்டின் அச்சு டிஸ்க்கில் ஒட்டிவிடும். இதற்குப் பிறகும் கத்தினால் மறுபடி தேய்க்காதீர்கள். கேலிப்பர் பின் இறுகியிருக்கிறதா, பேட் கிளிப் விலகியிருக்கிறதா என்று பாருங்கள்.