ஏரி நீர் இருப்பை அடுக்கு வரைபடமாகக் காட்ட: கிராஃபானா ஜியோமேப் அமைக்கும் முறை

பூண்டி ஏரியில் 1,500 மில்லியன் கன அடி தண்ணீர், சோழவரம் ஏரியில் 800 என்று வைத்துக்கொள்வோம். எண்ணை மட்டும் பார்த்தால் பூண்டியில்தான் தண்ணீர் தாராளம். ஆனால் பூண்டியின் முழுக் கொள்ளளவு 3,231; சோழவரத்துக்கு 1,081. பூண்டி பாதிகூட நிரம்பவில்லை, சோழவரமோ முக்கால்வாசி நிரம்பிவிட்டது. அதனால் வரைபடத்தில் வட்டத்தின் நிறம் நிரம்பிய சதவீதத்தையும், வட்டத்தின் அளவு கொள்ளளவையும் காட்ட வேண்டும். இந்த இரண்டோடு புழல் (3,300), செம்பரம்பாக்கம் (3,645) இரண்டையும் சேர்த்து, சென்னைக்குக் குடிநீர் தரும் நான்கு ஏரிகளை எடுத்துக்காட்டாகக் கொள்வோம்.

முதலில் அட்டவணை

ஜியோமேப் என்பது கிராஃபானா என்ற தரவுக் காட்சி மென்பொருளின் வரைபடப் பேனல். அதில் வரும் கோளாறுகளில் பெரும்பாலானவை வரைபடத்தில் பிறப்பதில்லை, தரவுத்தளத்திடம் தரவைக் கேட்கும் வினவலில் பிறக்கின்றன. ஓர் ஏரிக்கு ஒரே ஒரு வரிசை, அதுவும் கடைசி நாளுக்கானது மட்டும் வர வேண்டும். பெயர், அட்சரேகை, தீர்க்கரேகை, சதவீதம், கொள்ளளவு ஆகியவை நெடுவரிசைகள். வினவலின் ஃபார்மேட்டை 'டேபிள்' என்று வையுங்கள். முப்பது நாள் தரவை அப்படியே விட்டால் ஒரே இடத்தில் முப்பது வட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக விழும். மேலே எந்த நாளின் வட்டம் நிற்கிறதோ அதன் நிறம்தான் தெரியும்.

அட்சரேகையும் தீர்க்கரேகையும் எண் வகையாக இருக்க வேண்டும். எழுத்து வகையாக வந்தால் டிரான்ஸ்ஃபார்ம் பகுதியில் 'கன்வர்ட் ஃபீல்ட் டைப்' போட்டு மாற்றிவிடுங்கள். அரசு ஆவணங்களில் 13 பாகை 10 கலை என்று இருப்பதை 13.10 என்று தட்டச்சு செய்வது அடிக்கடி நடக்கும் பிழை. சரியான மதிப்பு 13.1667. ஏரி ஏழு கிலோமீட்டருக்கு மேல் தெற்கே நகர்ந்துவிடும், அதுவும் பார்த்தவுடன் பிடிபடாத அளவுக்கு.

பெரிய தவறுகள் இதைவிட நல்லவை, தாமே காட்டிக்கொடுத்துவிடும். இரண்டு ரேகைகளும் இடம் மாறினால் புழல் ஏரி ஆர்க்டிக்கில் ஸ்வால்பார்டு தீவுகள் பக்கம் மிதக்கும். விடுபட்ட இடங்களை 0 என்று நிரப்பி வைத்திருந்தால், ஆப்பிரிக்காவின் கினி வளைகுடாவில் ஒரு வட்டம் முளைக்கும்.

அடுக்குகள்

பேனல் வகையில் ஜியோமேப்பைத் தேர்ந்து, 'மேப் வியூ'வில் மையத்தை 13.1, 80.0 என்றும் ஜூமை 10 என்றும் வையுங்கள். நான்கு ஏரிகளும் அடங்கும். அடித்தள வரைபடம் வெளிர் நிறத்தில் இருப்பது நல்லது. சாலைகளும் கடைப்பெயர்களும் நிறைந்த படத்தின் மேல் எந்த நிறமும் எடுபடாது.

மேல் அடுக்கு 'மார்க்கர்ஸ்', ஒவ்வோர் ஏரிக்கும் வட்டம் போடுவது. லொக்கேஷன் மோடை 'ஆட்டோ'வில் விடாமல் 'கோஆர்ட்ஸ்' என்று மாற்றி இரண்டு நெடுவரிசைகளையும் நீங்களே காட்டுங்கள். பிறகு யாராவது நெடுவரிசையின் பெயரை மாற்றினால் எங்கே உடைந்தது என்று உடனே தெரியும்.

வட்ட அளவில்தான் பலரும் சறுக்குகிறார்கள். மார்க்கரின் அளவு என்பது ஆரம். கண் பார்ப்பதோ பரப்பை. செம்பரம்பாக்கம் சோழவரத்தைப் போல 3.4 மடங்கு. அந்த விகிதத்தை ஆரத்துக்கே கொடுத்தால் பரப்பு 11 மடங்காகத் தெரியும். ஆகவே கொள்ளளவின் வர்க்கமூலத்தை வினவலிலேயே தனி நெடுவரிசையாக எடுத்து, அதை அளவுக்குக் கொடுங்கள். குறைந்த அளவு 2, அதிக அளவு 20 போதும்.

அடுத்த பொறி 'ஸ்டாண்டர்ட் ஆப்ஷன்ஸ்'. சதவீதத்துக்காக அங்கே மின் 0, மேக்ஸ் 100 என்று போட்டால் அது எல்லா நெடுவரிசைகளுக்கும் பாயும். கொள்ளளவையே அளவுக்குக் கொடுத்திருந்தால் நான்கும் 100-ஐத் தாண்டியதாகக் கணக்காகி, எல்லா வட்டங்களும் ஒரே அளவில் நிற்கும். 'ஓவர்ரைட்ஸ்' பகுதியில் சதவீதத்துக்கு 0, 100 என்றும், வர்க்கமூல நெடுவரிசைக்கு 0, 61 (3,645-இன் வர்க்கமூலம் சுமார் 60.4) என்றும் தனித்தனியாக வையுங்கள். அந்தக் கீழ் எல்லை 0-ஐ விட்டுவிட்டால், உள்ளதில் சிறியதான சோழவரம் புள்ளியாகச் சுருங்கிவிடும்.

நிறத்துக்குச் சிவப்பு, பச்சை வேண்டாம். ஜூனில் வற்றிய ஏரி கவலை. நவம்பரில் தளும்பும் ஏரி கவலை. எதற்குச் சிவப்பு கொடுப்பது? பழுப்பில் தொடங்கி 25-க்கு வெளிர் நீலம், 60-க்கு அடர் நீலம், 95-க்கு மேல் ஊதா என்று த்ரெஷோல்ட் (நிறம் மாறும் எல்லை) வைத்தால் ஆண்டு முழுவதும் பொருள் மாறாது. புழலும் சோழவரமும் அருகருகே இருப்பதால் ஒளிபுகாமையை 0.6 ஆக்கி, பெயரை வட்டத்துக்கு வெளியே தள்ளி வையுங்கள்.

இதற்குக் கீழே 'ஜியோஜேசன்' (கோடுகளையும் இடங்களையும் எழுதிவைக்கும் கோப்பு வடிவம்) அடுக்கில் ஆறுகள்: செம்பரம்பாக்கத்தின் உபரிநீர் போகும் அடையாறும், பூண்டிக்குக் கீழே ஓடும் கொசஸ்தலையாறும். வரிசைப் பட்டியலில் மேலே இருப்பதே படத்திலும் மேலே வரும், இழுத்து மாற்றலாம். கோப்பில் எண்கள் தசமப் புள்ளிக்கு முன்பே ஆறு, ஏழு இலக்கங்களில் இருந்தால் அது மீட்டர் கணக்கு. க்யூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் ஈபிஎஸ்ஜி 4326-க்கு (பாகைகளில் எழுதும் அட்சரேகை, தீர்க்கரேகை முறை) மாற்றிய பிறகே வரையும். பல எம்பி கோப்பு என்றால் கோடுகளை எளிமையாக்கிச் சுருக்குங்கள். கோப்பு வேறு சர்வரில் இருந்து அங்கே கார்ஸ் அனுமதி (வேறு தளத்தின் பக்கம் கோப்பை எடுக்க விடும் அனுமதி) இல்லாவிட்டால் அடுக்கு வெறுமையாகவே இருக்கும். காரணம் பிரவுசர் கன்சோலில் கிடைக்கும். இந்த அடுக்கின் டூல்டிப்பை (சுட்டியை வைத்தால் எழும் தகவல் பெட்டி) அணைத்துவிடுங்கள்.

மழைமானிகளைச் சேர்க்கும்போது, புள்ளிகளின் செறிவை நிறத்தால் காட்டும் 'ஹீட்மேப்' அடுக்கு ஆசை காட்டும். அது அருகருகே உள்ள புள்ளிகளைக் கூட்டிக் காட்டுமே தவிர, இடைப்பட்ட இடத்தின் மழையைக் கணிக்காது. மானிகள் நெருக்கமாக உள்ள நகரத்தில் அதிக மழை பெய்தது போலத் தோன்றும். அங்கேயும் மார்க்கரே போதும்.

'மேப் கன்ட்ரோல்ஸ்' பகுதியில் மவுஸ் வீல் ஜூமை நிறுத்துங்கள். பக்கத்தை உருட்டுபவரின் கை வரைபடத்தில் மாட்டிக்கொள்ளும். வரைபடம் யாருடையது என்று சொல்லும் அட்ரிபியூஷனை மட்டும் மறைக்காதீர்கள், ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் உரிமத்தின் நிபந்தனை அது. ஏரி நீர் இருப்பு நாளுக்கு ஒரு முறை மாறுவது. ஆட்டோ ரெஃப்ரெஷ் ஒரு மணி நேரம் என்றிருந்தாலே தாராளம்.