பழைய பனியாறு எதுவரைக்கும் வந்துச்சுன்னு மேப் போடுறது எப்படி

மொதல்ல மலைக்கு ஓடாதீங்க, கம்ப்யூட்டர்ல உக்காருங்க. இங்கிலாந்துக்கு லைடார் டேட்டா (விமானத்துல இருந்து லேசர் விட்டு நிலத்தோட மேடு பள்ளத்த அளந்தது) ஃப்ரீயாவே கிடைக்குது, அத க்யூஜிஐஎஸ்ங்கிற மேப் சாஃப்ட்வேர்ல போட்டு ஹில்ஷேட், அதாவது வெளிச்சமும் நிழலும் விழுந்த மாதிரி நிலத்தோட படம் எடுங்க, ஆனா ஒரே பக்கத்துல இருந்து வெளிச்சம் விட்டா அதே திசைல ஓடுற மேடெல்லாம் கண்ணுக்கே தெரியாது, அதனால ரெண்டு மூணு திசைல மாத்தி மாத்திப் பாக்கணும் (இத ஸ்கிப் பண்றவங்களப் பாத்தா எனக்கு எரிச்சலா வரும்).

தேட வேண்டியது மொரெய்ன், அதாவது பனியாறு தள்ளிட்டு வந்து ஓரத்துல கொட்டுன மண்ணும் கல்லும். எல்லை அதுதான். டிரம்லின்னா ஐஸுக்கு அடில உருவான மேடு, கவுத்துப் போட்ட கரண்டி மாதிரி இருக்கும், ஐஸ் போன திசைய சொல்லும். ஊர் மாறிக் கெடக்குற பாறையயும் விடாதீங்க, வடமேற்கு இங்கிலாந்துல இருக்குற கம்ப்ரியாவோட ஷாப் கிரானைட் பாறை, கிழக்குப் பக்கம் யார்க்‌ஷயர் கடற்கரை வரைக்கும் கெடக்கு, தூக்கிட்டு வந்தது ஐஸ்தான்.

வயசு தெரியணும்னா மொரெய்ன் மேல அசையாம இருக்குற பெரிய பாறையோட உச்சில மேலாப்ல கொஞ்சம் வெட்டி பெரிலியம்-10 டெஸ்டுக்கு (பாறை எவ்வளவு காலமா வெட்டவெளில கெடக்குன்னு சொல்ற டெஸ்ட்) அனுப்பணும்.

இதெல்லாம் ஒத்த ஆளு வேலை இல்லங்க. பிரிட்டன்ல பழைய ஐஸ் விட்டுட்டுப் போன அடையாளங்களக் காட்டுற பிரிட்டைஸ் மேப் 2004ல வந்துச்சு, 2018 வெர்ஷன்ல 1,70,000க்கும் மேல அடையாளங்கள், பலபேர் வருஷக்கணக்கா வரைஞ்சத ஒண்ணா சேத்தது. கடலுக்கு அடில இருக்குற மொரெய்னுக்கு சோனார் (ஒலிய அனுப்பி கடலடிய அளக்குறது) ஆளுங்க வேணும். அதனால அடையாளங்களப் பதியுற டேபிள்ல என்னென்ன காலம் (column) வரணும், எத மொரெய்ன்னு ஒத்துக்கணும்னு ஆரம்பத்துலயே பேசிடுங்க, டவுட்டா இருக்கறதுக்கு தனி column கண்டிப்பா வைங்க.