கல்லூரிக் கால்பந்தில் இடமாற்றச் செய்தியைப் படிப்பது எப்படி?

அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில் (காலால் உதைக்கும் உருண்டைப் பந்து அன்று, கையில் ஏந்தி ஓடும் நீள்வட்டப் பந்து) ஜனவரி பிறந்ததும் ஆட்டச் செய்திகளுக்கு இணையாக இடமாற்றச் செய்திகளும் குவிகின்றன. இன்ன குவார்ட்டர்பேக் (பந்தை எறிந்து அணியின் தாக்குதலை நடத்துபவர்) இத்தனை மில்லியன் டாலருக்கு இன்ன பல்கலைக்கழகத்துக்குப் போகிறார் என்ற வரியைப் படித்ததும் நம்பிவிடாமல், அந்தப் பணம் யார் கொடுப்பது, நாள் என்ன என்ற இரண்டையும் முதலில் தேடுங்கள்.

பணத்தில் தொடங்குவோம். 2021 ஜூலை 1 வரை, கல்வி உதவித்தொகைக்கு மேல் விளம்பரப் பணம் எதையும் வீரர் தொடக்கூடாது என்பது கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் என்.சி.ஏ.ஏ. அமைப்பின் விதி. அன்று முதல் தம் பெயரையும் உருவத்தையும் பயன்படுத்தச் சம்மதித்து வெளியாரிடம் பணம் பெறலாம் என்றானது, அதைத்தான் என்.ஐ.எல். என்கிறார்கள். வீரர்களுக்கான பணம் குறித்து என்.சி.ஏ.ஏ. மீது தொடுக்கப்பட்ட ஹவுஸ் வழக்கின் சமரசத்துக்கு நீதிபதி கிளாடியா வில்கன் 2025 ஜூன் 6 அன்று ஒப்புதல் அளித்த பின், அவ்வாண்டு ஜூலை 1 முதல் பல்கலைக்கழகமே வீரருக்கு நேரடியாகப் பணம் தரலாம். முதல் ஆண்டுக்கான உச்சவரம்பு ஒரு பல்கலைக்கழகத்துக்கு 2.05 கோடி டாலர். இது கால்பந்துக்கு மட்டும் உரியதன்று, எல்லா விளையாட்டுகளுக்கும் சேர்த்து.

ஆகவே செய்தியில் வரும் தொகையில் எவ்வளவு பல்கலைக்கழகம் தருவது, எவ்வளவு வெளியார் தருவது என்று பிரித்துப் பாருங்கள். 600 டாலரும் அதற்கு மேலும் உள்ள வெளி ஒப்பந்தங்களை 'என்.ஐ.எல். கோ' என்ற தளத்தில் பதிய வேண்டும். உண்மையான வணிக நோக்கம் உள்ளதா, தொகை நியாயமானதா என்று அங்கே சரிபார்க்கிறார்கள். அந்தச் சோதனையைத் தாண்டாத தொகை வெறும் வாக்குறுதிதான்.

கைக்கு வந்த பணமும் முழுதாக நிற்பதில்லை. உள்ளூர்க் கார் விற்பனையகம் ஒன்று விளம்பரத்துக்காக 40,000 டாலர் தருகிறது என்று வைத்துக்கொள்வோம். பொதுவாக வரி பிடிக்காமல்தான் தருவார்கள். செலவு எதையும் கழிக்காவிட்டால் சுயதொழில் வரி மட்டுமே ஏறத்தாழ 5,650 டாலர், வருமான வரி தனி. பத்தொன்பது வயதுப் பையன் இதை வரிக்கணக்குக் கொடுக்கும் ஏப்ரலில்தான் அறிகிறான் என்பது பரிதாபம்.

அடுத்தது நாள். இடம் மாற விரும்பும் வீரர் தம் பல்கலைக்கழகத்தின் விதிமுறை அலுவலகத்துக்கு எழுத்தில் தெரிவித்தால், இரண்டு வேலை நாள்களுக்குள் அவர் பெயர் டிரான்ஸ்ஃபர் போர்ட்டலில் (இடம் மாற விரும்புவோரின் இணையப் பட்டியல்) ஏற வேண்டும்; அதற்கு முன் வேறு பயிற்சியாளர் அவரோடு பேசுவது விதிமீறல். முன்பெல்லாம் இடம் மாறியவர் பெரும்பாலும் ஓராண்டு ஆடாமல் உட்கார வேண்டியிருந்தது. 2021இல் ஒருமுறை மாறுவதற்கு அந்தத் தண்டனை நீங்கியது. மேற்கு வர்ஜீனியாவின் கூட்டாட்சி நீதிமன்றம் தலையிட்ட பின், 2024 ஏப்ரல் முதல் படிப்பில் தகுதியோடு இருப்பவர் எத்தனை முறை மாறினாலும் உடனே ஆடலாம்.

கதவு திறந்திருக்கும் காலம் மட்டும் சுருங்கிவிட்டது. 2026இல் பொதுவான வாய்ப்பு ஜனவரி 2 முதல் 16 வரை மட்டுமே. தலைமைப் பயிற்சியாளர் மாறும் அணிகளுக்கும் இறுதிப் போட்டியில் ஆடும் அணிகளுக்கும் தனிக் காலம் உண்டு. பலர் தவறாகப் படிக்கும் இடம் இதுதான்: இந்த நாள்கள் பெயரைப் பதிவதற்கு உரியவை, புதிய கல்லூரியைத் தேர்ந்தெடுக்க அல்ல. 2025 ஏப்ரலில் டென்னசியை விட்டு யு.சி.எல்.ஏ.வுக்குப் போன குவார்ட்டர்பேக் நிகோ இயாமலியாவாவுக்கு இருந்த வசந்தகால வாய்ப்பு இப்போது இல்லை. போர்ட்டல்தான் ஒரே வழி என்றும் சொல்லிவிட முடியாது. விஸ்கான்சின் வீரர் ஒருவர் அதில் பெயர் ஏறாமலேயே மயாமியில் சேர்ந்து படிக்கத் தொடங்கினார்; 2025 ஜூனில் விஸ்கான்சின் பல்கலைக்கழகம் மயாமி மீது வழக்குத் தொடுத்தது.

போர்ட்டலில் பெயர் ஏறுவதால் மட்டும் வீரர் போய்விட்டதாக ஆகாது, அவர் பெயரைத் திரும்பப் பெறலாம். ஆனால் பழைய பல்கலைக்கழகம் உதவித்தொகையைத் தொடர்ந்து தரும் கட்டாயமில்லை. ஹவுஸ் சமரசத்தை ஏற்ற பல்கலைக்கழகங்களில் பொதுவாக அணியில் 105 பேருக்கு மேல் இருக்கக்கூடாது என்ற புது வரம்பும் சேர்வதால், திரும்பி வருபவருக்கு இடம் இருக்கிறதா என்பதை அந்த அணியின் பெயர்ப்பட்டியலைப் பார்த்தே உறுதிசெய்துகொள்ளுங்கள்.